பாவாடை நாடா எங்கே வரும்?

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 57 வயது. வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு முன்பிருந்தே யூரினில் அவ்வப்போது ரத்தம். வலி இல்லாததால் சூடு என்று விட்டுவிட்டோம். அப்புறம் இன்ஃபெக்ஷன் என்று மூன்று முறை மாத்திரை கொடுத்தார்கள், கருப்பையை ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது சிறுநீர்ப்பையின் பின்சுவரில் புற்றுக்கட்டி, தசை வரை இறங்கிவிட்டது என்று பயாப்சியில் வந்திருக்கிறது. வலது சிறுநீரகத்தில் நீர் கோத்திருக்கிறதாம். வேறு எங்கும் பரவவில்லை. கீமோ கொடுத்துவிட்டுச் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டும், கூடவே கருப்பை, சினைப்பை, பிறப்புறுப்பின் ஒரு பகுதி எல்லாம் போகும் என்கிறார்கள். அங்கெல்லாம் புற்று இல்லையே, ஏன் எடுக்க வேண்டும்? ஒரு டாக்டர் வயிற்றில் பை ஒட்டலாம் என்கிறார், இன்னொருவர் குடலில் புதுப் பை செய்யலாம் என்கிறார். எது நல்லது? அண்ணன் ரேடியேஷனே போதும் என்கிறான். அப்பா பீடி பிடிப்பார், அதனால் வந்ததா? அப்பாவும் அம்மாவும் இன்னமும் ஒற்றுமையாக இருப்பவர்கள், இதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, சின்னக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது" என்று, அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

குடும்பமே கூடிப் பேசி முடித்துவிட்டு, நோயாளியிடம் கையெழுத்தை மட்டும் வாங்குவது நம் ஊரில் புதிதல்ல. எனக்குப் பிடிக்காது, ஆனாலும் நடக்கிறது. இந்த ஆபரேஷனில் அது செல்லாது. அம்மா மயக்கம் தெளிந்து பார்க்கும்போது தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே சிவப்பாக ஒரு சதை மொட்டும் அதன்மேல் ஒரு பையும் இருந்தால், சின்னக் கட்டி எடுத்த இடம் என்றா சொல்வீர்கள்? பல வருடங்களுக்கு முன் என்னிடம் இப்படி ஒரு அம்மா வந்தார். மகன்கள் கடைசி வரை சொல்லவில்லை, நானும் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நம்பிவிட்டேன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் பை மாற்ற நர்ஸ் வந்தால் அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தன் வயிற்றைக் குனிந்து பார்க்கவே இல்லை. மூன்று மாதம் கழித்தும் மருமகள்தான் மாற்றிவிட்டார். அதே சமயம் அதே வார்டில், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த இன்னொரு பெண் ஐந்தாம் நாளே தானாகப் பையின் குழாயைத் திறந்து காலி செய்தார். இருவருக்கும் ஒரே ஆபரேஷன், செய்ததும் ஒரே கை.

அதோடு, முதலில் வரப்போவது கீமோ. வாந்தி வரும், சோர்வு வரும், முடி கொட்டலாம். கீமோ வார்டு என்று போர்டு போட்ட அறையில் உட்காரவைத்துவிட்டு எத்தனை நாள் மறைப்பீர்கள்? அவருக்குப் பாதி தெரிந்திருக்கும் என்பதே என் சந்தேகம். நீங்கள் பயப்படக் கூடாதென்று அவரும் கேட்காமல் இருப்பார்.

டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். அப்பாவும் நீங்களும் மட்டும் கூட இருந்தால் போதும், சித்தப்பா பெரியப்பா எல்லாம் வேண்டாம். புற்று என்ற சொல் ஒருமுறை வெளியே வரட்டும். "பரவவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறோம்" என்பதும் அடுத்த மூச்சிலேயே வர வேண்டும். உங்கள் அம்மா விஷயத்தில் இரண்டும் உண்மை.

சரி, மற்றவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் கடிதத்தில் ஐந்து பை வருகிறது: சிறுநீர்ப்பை, கருப்பை, சினைப்பை, வயிற்றில் ஒட்டும் பை, குடலில் செய்யும் பை. என் அறைக்கு வருகிறவர்களும் "பையை எடுத்துவிட்டுப் பை வைக்கிறார்களாம் டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். எந்தப் பையை எடுத்து எந்தப் பையை வைப்பது என்று படம் போட்டுக் காட்டினால்தான் தெளியும். உங்கள் டாக்டரிடமும் ஒரு தாளைக் கொடுத்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

கட்டி தசைக்குள் இறங்காமல் மேல் தோலோடு இருந்திருந்தால், உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து, காசநோய்த் தடுப்பூசிக்குப் பயன்படும் அதே பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, பையைக் காப்பாற்றப் பார்த்திருப்போம். தசைக்குள் போய்விட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது பையை முழுதாக எடுப்பதுதான் உலகம் முழுவதும் வழக்கமான வைத்தியம், அதற்கு முன்னால் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ. மூன்று நான்கு தவணை போகும். ஆபரேஷன் மட்டும் செய்வதைவிட இப்படி முன்னால் கீமோ கொடுத்துச் செய்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்பது நிரூபணமானது.

ஆனால் சிஸ்பிளாட்டினைத் தாங்கச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு வலப்பக்கம் நீர் கோத்திருப்பதால், கீமோவுக்கு முன் முதுகு வழியாகச் சின்னக் குழாய் விட்டு அதை வடிய வைக்கலாமா என்று கேளுங்கள். ரேடியேஷனுக்கும் இதுவே தடை. அண்ணன் சொல்வது கற்பனை இல்லை. கட்டியை முடிந்தவரை சுரண்டிவிட்டு, கீமோவையும் ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்றும் முறை உண்டு, சரியான ஆளுக்கு அது நல்ல முறையும்கூட. ஒரே கட்டி, சிறிய கட்டி, சிறுநீரகத்தில் நீர் கோக்காதவர் என்றால் நானே முதலில் அதைச் சொல்வேன். நீர் கோத்திருக்கிறது என்றால் கட்டி சிறுநீரகக் குழாயின் வாயை அடைக்கும் அளவுக்கு ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரேடியேஷன் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ஆனாலும் ரேடியேஷன் டாக்டர் ஒருவரைப் பார்த்து அவர் வாயாலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அண்ணனுக்குக் கடைசி வரை ஒரு உறுத்தல் இருக்கும்.

தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கீமோ இல்லாமல் நேரே ஆபரேஷன் என்றால், நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். கீமோ கொடுத்தால், கடைசித் தவணை முடிந்து உடம்பு தேறியதும் செய்ய வேண்டும். பெண்களுக்கு ஏற்கனவே பாதிக் காலம் வீணாகித்தான் வருகிறது. இந்த நோய் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். அதனாலேயே பெண் வந்து யூரினில் ரத்தம் என்றால் யாருக்கும் இது தோன்றுவதில்லை. வீட்டில் சூடு என்று இளநீரும் சீரகத் தண்ணீரும், கிளினிக்கில் இன்ஃபெக்ஷன் மாத்திரை, மாதவிடாய் நின்றவர் என்றால் கருப்பை ஸ்கேன். நீர்க்கடுப்பில் எரியும், வலிக்கும். வலியே இல்லாமல் ரத்தம் வந்து தானாக நிற்பதுதான் மோசம், நின்றதும் மறந்துவிடுகிறோம். இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது அப்படி வந்திருந்தால், யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்திருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கருப்பை விஷயம். சிறுநீர்ப்பையின் பின்சுவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறது தெரியுமா? பிறப்புறுப்பின் முன்சுவர் மேலும், கருப்பையின் கழுத்து மேலும். நடுவில் மெல்லிய ஒரு படலம்தான். ஆண்களுக்கு இந்த ஆபரேஷனில் புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்து போவது போல, பெண்களுக்குச் சிறுநீர்ப்பை, சிறுநீர் வெளியேறும் குழாய், கருப்பை, கருக்குழாய், சினைப்பை, பிறப்புறுப்பின் முன்சுவர் என்று மொத்தமாக எடுப்பதுதான் பல காலம் பாடப் புத்தக முறை. ஓரத்தில் புற்றின் ஒரு துணுக்கு தங்கினாலும் திரும்ப வரும் என்ற பயம். உண்மையில் கருப்பை வரை புற்று போயிருப்பது சிலருக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. இப்போது கட்டி சிறுநீர்ப்பையின் முன்சுவரிலோ உச்சியிலோ இருந்தால், கருப்பையையும் பிறப்புறுப்பையும் விட்டுவைத்தே செய்கிறோம். நாற்பது வயதுப் பெண் என்றால் சினைப்பையை விட்டுவைக்க நான் சண்டையே போடுவேன், அதை எடுத்தால் ஒரே நாளில் மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும்.

உங்கள் அம்மாவுக்குக் கட்டி பின்சுவரில். அந்த டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற வயது என்பதால் கருப்பையும் சினைப்பையும் போவது உடம்புக்குப் பெரிய நஷ்டமில்லை. பேரம் பேச வேண்டிய இடம் பிறப்புறுப்பின் முன்சுவர். கீமோ முடிந்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, கட்டி சுருங்கி நடுவில் இடைவெளி தெரிந்தால் அதில் எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஓடும் நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

இதுதான் நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்விக்கும் பதில். முன்சுவர் முழுதும் போனால் வழி குறுகும், ஆழமும் குறையும். தாம்பத்தியம் கஷ்டமாகலாம், சிலருக்கு முடியாமலும் போகலாம். கொஞ்சம் விட்டுவைத்தால், காயம் ஆறிய பிறகு விரிப்பான், வழவழப்பு ஜெல், டாக்டர் அனுமதித்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று ஓரளவுக்கு மீளலாம். ஆனால் இதை மகள் கேட்டுச் சொல்ல முடியாது, நீங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். அம்மா தனியாக டாக்டரிடமோ பெண் நர்ஸிடமோ பேச ஒரு கால் மணி நேரம் ஏற்பாடு செய்யுங்கள். ஆண் நோயாளியிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வியைப் பெண்ணிடம், அதிலும் ஐம்பது தாண்டியவரிடம், எங்களில் பலர் கேட்பதே இல்லை. என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன், ரொம்ப வருடம் நானும் கேட்டதில்லை.

இனி வெளிப் பையா, புதுப் பையா.

வெளிப் பை என்பது 1950ல் அமெரிக்காவில் யூஜின் பிரிக்கர் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை. சிறுகுடலில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் அதன் ஒரு முனையில் தைத்து, மறுமுனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் ஸ்டோமா. உதட்டின் உட்புறம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அடக்க முடியாது, அதற்குத்தான் பை. இன்றைக்கும் அதிகம் செய்யப்படுவது இதுதான்.

புதுப் பைக்கு இன்னும் நீளமான குடல் வேண்டும், அரை மீட்டர் போல. அதைப் பிளந்து, உருண்டையாகத் தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே வைத்துச் சிறுநீர் வெளியேறும் குழாயோடு இணைப்பார்கள். வெளியே எதுவும் தெரியாது. பெண்களுக்கு இது பரவலாகத் தொடங்கியது 1990களில்தான், அதற்கு முன் பெண்களுக்கு அந்தக் குழாயையும் எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. கேட்டதும் எல்லாரும் இதைத்தான் விரும்புவார்கள். நானும் ஒரு காலத்தில் இதைத்தான் தூக்கிப்பிடித்தேன்.

ஆனால் குடலுக்குச் சிறுநீர் முட்டும் உணர்வு கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் அலாரம் வைத்து. அடிவயிற்றை இறுக்கி முக்கிப் பழக வேண்டும். மெல்ல மெல்லத்தான் 400, 500 மில்லி பிடிக்கும் அளவுக்கு விரியும். தூக்கத்தில் கசிவு பலருக்கு இருக்கும். பெண்களுக்கு இன்னொரு தொல்லை, நேர் எதிரானது: நாளாக ஆக முழுதாகக் காலியாகாமல் தேங்கிவிடும். அப்படியானால் தினமும் சில முறை தானே மெல்லிய குழாய் விட்டு வடிக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. கணிசமான பெண்களுக்கு இது நேர்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கண்ணாடியைப் பார்த்துக் குழாய் விட உங்களால் முடியுமா?" என்பது. முடியாது என்று அம்மா சொன்னால் புதுப் பைப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். முடியும் என்றாலும், கட்டி சிறுநீர்ப்பையின் கழுத்து வரை வந்திருந்தாலோ சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ செய்யக் கூடாது. சிறுநீர் வெளியேறும் குழாயின் வெட்டு முனையில் புற்று இருக்கிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துவிட்டு டாக்டர் மனதை மாற்றிக்கொள்ளலாம். அதனால் புதுப் பை என்று முடிவானாலும், ஸ்டோமாவுக்கான இடத்தைக் குறித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், வாசலில் இட்லி ஊற்றும் அம்மாவுக்கு நல்ல இடத்தில் வைத்த வெளிப் பைதான் என் சாய்வு. நாலு மணிக்கு எழுந்து அடுப்புக்கு முன் உட்கார்ந்தவர், வாடிக்கையாளர் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போக முடியாது. பை என்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பாதி நிறைவதற்குள் காலி செய்தால் போதும். ராத்திரி பெரிய பையோடு குழாயை இணைத்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் இது என் சாய்வு. அம்மா வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னதுதான்.

நல்ல இடத்தில் என்றேனே, அதைத்தான் தலைப்பாக வைத்தேன். புத்தகப் படங்களில் பேன்ட் போட்ட வெள்ளைக்காரர் நிற்பார், இடுப்புப் பட்டைக்குக் கீழே புள்ளி இருக்கும். நம் அம்மாக்கள் பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன்மேல் புடவைக் கொசுவத்தைச் செருகுகிறார்கள். அந்தக் கோட்டில் ஸ்டோமா வந்தால் நாடா அறுக்கும், பை நிரம்பாது, ஒட்டு பிரிந்து கசியும். அப்புறம் கசிவுக்குப் பயந்து கல்யாணத்துக்குப் போக மாட்டார், கோயிலுக்குப் போக மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாளாவது ஸ்டோமா நர்ஸ் வந்து மார்க்கர் பேனாவால் இடம் குறிக்க வேண்டும். படுக்கையில் படுக்கவைத்துக் குறித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நின்று, நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, கடையில் உட்காருவது போலவே தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்காரும்போது வயிறு எங்கே மடிகிறது, மடிப்புக்கு மேலே இருந்தால்தானே அம்மாவின் கண்ணுக்கே தெரியும்? அன்றைக்குக் கடைக்குக் கட்டும் பாவாடையும் புடவையும் கட்டிக்கொண்டு போகட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு சில சில்லறை விஷயங்கள். பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சித்திரை வைகாசி வியர்வையில் இன்னும் சீக்கிரமே ஒட்டு விடும். காலையில் காபி குடிப்பதற்கு முன் மாற்றினால் சிறுநீர் குறைவாகச் சொட்டும், ஒட்டுவது சுலபம். சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ஒட்டவே ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். பையில் கோழை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குடல் தன் வேலையைச் செய்கிறது. பையிலிருந்து எடுத்த யூரினை லேபில் கொடுத்தால் கிருமி இருக்கிறது என்றுதான் எப்போதும் வரும், அதற்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். குளிரோடு காய்ச்சல், விலா வலி வந்தால்தான் ஓட வேண்டும். வருடம் ஒருமுறை பி12, சிறுநீரக ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன்.

ஆபரேஷன் சின்னதில்லை. ஐந்தாறு மணி நேரம் ஆகலாம், ஒன்றிரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க நேரிடும். முதல் மூன்று மாதத்தில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை வரும்: குடல் அசையாமல் வயிறு உப்புவது, காய்ச்சல், காலில் ரத்தம் உறைந்து அடைப்பது. அதனால் டாக்டரின் பெயரைவிட, அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு இது எத்தனை நடக்கிறது என்று கேளுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 10, முடிந்தால் 20க்கு மேல் செய்யும் இடத்தில் செய்துகொள்ளச் சொல்கிறது ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம். ரோபோவில் செய்தால் ரத்த இழப்பு குறையும், புற்று திரும்ப வருவதில் வித்தியாசமில்லை. அதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பெரம்பூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லியும் உங்களுக்குப் பக்கம்தான், இரண்டிலும் சிறுநீரகவியல் துறை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம், இப்போதே வேலையைத் தொடங்குங்கள். பை ஒன்று சில நூறு ரூபாய் ஆகும், மாதாமாதச் செலவு அது. அதற்கு என்ன வழி என்று வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்பாவின் பீடி. இந்த நோய்க்குப் புகையிலைதான் முதல் காரணம், ஆனால் அது பிடிப்பவருக்கு. பக்கத்தில் இருந்தவருக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவர்மேல் பழி போடாதீர்கள், இந்த வருடம் அம்மாவுக்கு அவர் வேண்டும். வீட்டுக்குள் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கே யூரினில் ரத்தம் வந்தால் மறைக்கக் கூடாது என்றும்.

அடுத்த முறை கேள்வி இருந்தால் அம்மாவையே எழுதச் சொல்லுங்கள். எழுத வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், திருத்தாமல்.